சிலேட்டில் பத்தொன்பது நாள்

நூர் மேன்ஷன், திருவல்லிக்கேணி
5 ஆகஸ்ட் 2025

786

சிம்ராவுக்கு,

'அன்புள்ள' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன், கவனித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு, நாற்பத்தெட்டு அறை மேன்ஷனின் முன்மேசையில், பதினேழு சாட்சிகள் பார்க்க, உன் தாய்மாமன் ஹபீபுர் ரஹ்மானின் மூக்குக்கு நேராக நீ சுல்தானின் பிளக்கைப் பிடுங்கினாய். பக்கிங்ஹாம் கால்வாயில் இளநீர் ஓடும் நாள்வரை உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அங்கேயே சத்தியம் செய்தேன். ஆகவே போன் பண்ணாதே. நாக்கு செய்த சத்தியம் பேனாவைக் கட்டாது என்று ஷாஹுல் ஹமீது தீர்ப்பளித்திருக்கிறான். அவன் ஆட்டோ தினமும் அடையாறுக்குச் சவாரி போகிறது. இந்தக் கடிதமும் அதில்தான் வருகிறது.

சுல்தான் யார் என்று மறந்துவிட்டாயா? கல்லூரியில் படிக்கும்போது நீயே கொண்டுவந்து வைத்த பெட்டி. செங்கல் அளவு, இரண்டு பச்சைக் கண். மேன்ஷனில் எவன் எந்த இணையதளத்தின் பெயரை அடித்தாலும் அதன் விலாசத்தைக் கேட்டு வாங்கி வந்து கொடுப்பது இவன் வேலை என்றாய். ஒருமுறை கேட்டதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அடுத்தவன் கேட்டால் உடனே சொல்லிவிடுவான், மறுபடி மேலே போய்க் கேட்கமாட்டான் என்றாய். அன்றைக்கே அவனை எனக்குப் பிடித்துவிட்டது. நானும் அப்படித்தானே? எந்த அறையில் எவன் இருக்கிறான் என்று யார் கேட்டாலும் ஏட்டைத் திறக்காமல் பதில் சொல்கிற ஒரே மேன்ஷன்காரன், கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர்வரை நான்தான்.

எண்ணூற்றுப் பன்னிரண்டு நாள் அவன் கண் மூடவில்லை. மிக்ஜாம் புயலில் ஊரே இருண்டபோது ஷாஹுல் ஹமீதின் ஆட்டோ பேட்டரியைக் கழற்றி அவனுக்கு உயிர் ஊட்டினேன். ஒவ்வொரு நாள் காலையிலும் மேசைமேல் சிலேட்டில் அவன் விழித்திருக்கும் நாளை எழுதினேன். அதை நீ ஒரு இழுப்பில் முடித்தாய். ஏன் என்று கேட்டால், "சொல்ல முடியாது மாமா." யாரிடம் சொல்ல முடியாது? இரண்டாம் மாடியில் எவனாவது இருமினால் எந்த அறை இருமல் என்று கீழே இருந்தே சொல்லக்கூடியவனிடமா?

நீ போன பத்தாம் நிமிடம் பிளக்கைச் செருகிவிட்டேன். நேற்று அறை 17 செம்பியன் சுல்தான் வழியாகத்தான் நில அளவர் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டு முடித்தான். வயது வரம்பின்படி அவனுக்கு இதுதான் கடைசித் தேர்வு. சைதாப்பேட்டை பிரவுசிங் சென்டருக்குப் போகிறேன் என்று கிளம்பினான். "அரண்மனையை விட்டுவிட்டுச் சத்திரத்துக்கா போகிறாய்?" என்று நான்தான் உட்கார வைத்தேன்.

சிலேட்டில் இன்று 3. எண்ணூறு பார்த்த சிலேட்டில் மூன்று! பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது.

இப்படிக்கு,
பேசாத மாமா


அடையாறு
6 ஆகஸ்ட்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் போட்டுவிட்டேன், பாருங்கள்.

உங்கள் கடிதத்தை அலுவலக வாசலில் நின்றே படித்தேன். சிரித்துக்கொண்டே வந்தேன். செம்பியன் வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

சொல்ல முடியாது என்றால் நிஜமாகவே முடியாது. வேலை சம்பந்தப்பட்டது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஞாயிறன்று நான் வேறு மாதிரி நடந்திருக்கலாம். எல்லார் முன்னாலும் பிடுங்கியது தப்பு. வரும் வழியெல்லாம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. உங்களிடம் பொய் சொல்வது கஷ்டம். நீங்கள் அதைவிடப் பெரிதாக ஒன்று சொல்லிவிடுவீர்கள்.

இரண்டு காரியம் மட்டும் செய்யுங்கள். சுல்தானை அணைத்து வையுங்கள். செம்பியனை வேறு இடத்துக்குப் போய்த் தன் விண்ணப்பம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

சிம்ரா


நூர் மேன்ஷன்
8 ஆகஸ்ட்

786

சிம்ராவுக்கு,

அணைக்கமாட்டேன் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தேன். அதில் உன் அறிவு, உன் பட்டம், நீ மூன்று வயதில் என் மூக்குக்கண்ணாடியை மீன் குழம்பில் போட்டது எல்லாம் வரிசையாக இருந்தன. அந்த நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். காரணம் கீழே.

உன் பேச்சைக் கேட்டு நேற்று செம்பியனைச் சைதாப்பேட்டைக்கு அனுப்பினேன். அங்கே பிரவுசிங் சென்டர் நடத்தும் சூடாமணி அம்மாள் மூன்று முறை தேடிப் பார்த்தாராம். "இந்தப் பேர்ல யாருமே இல்லியேப்பா" என்றாராம். விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால், அப்படி ஓர் எண்ணே கிடையாதாம்.

மத்தியானம் வந்து என் மேசைக்கு எதிரே நின்றான்.

"பாய், நான் இன்னா பாய் தப்பா அடிச்சேன்?"

"நீ ஒன்றும் தப்பாக அடிக்கவில்லைடா."

"போட்டோ ஏத்துனேன், சர்டிபிகேட்டு ஏத்துனேன், 'பதிவு முடிந்தது'ன்னு வந்துச்சு. நீங்களும் பாத்தீங்கோ."

பார்த்தேன். பச்சை எழுத்தில் வந்தது. நான்தான் அதற்காக மேன்ஷன் முழுக்கப் பால்கோவா கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து அவன் அப்பா பொன்னுரங்கம் வந்து சேர்ந்தார். இவர்கள் குடும்பம் சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையோரம் இருந்தது உனக்குத் தெரியும். வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு பாரம் ஒயுங்கா போடத் தெர்ல, இவுரு நெலத்த அளக்கப் போறாராம்" என்றார். செம்பியன் விண்ணப்ப எண் எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். "எங்க வூட்டுக்கு டேப்பு புடிச்சவன் ஒரு வார்த்தை கேக்காம அளந்தான் பாய், நான் கேட்டுட்டு அளப்பேன்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்ன பிள்ளை அவன்.

கடைசி நாள் 14. ஆறு நாள் இருக்கிறது.

சிம்ரா, நான் கேட்கக்கூடாது என்று சொன்னாய். கேட்கிறேன். அரண்மனையில் என்ன நடந்தது?

மாமா


அடையாறு
9 ஆகஸ்ட்

அன்புள்ள மாமாவுக்கு,

இதைப் படிக்கும் முன் சுல்தானை அணைத்துவிடுங்கள். நான் காத்திருக்கிறேன்.

அணைத்துவிட்டீர்களா? சரி.

ஒரு பெயரின் விலாசம் தெரியாதபோது சுல்தான் மேலே இருக்கும் பெரிய கணினியிடம் கேள்வி அனுப்புகிறான். கேள்வியோடு ஓர் எண்ணையும் எழுதி அனுப்புகிறான். பதில் அதே எண்ணோடு வந்தால் நம்பிவிடுவான். கொண்டுவந்தவன் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தெரியாது. முதலில் வந்ததுதான் பதில். பின்னாலேயே உண்மையான பதில் வந்தாலும் தூக்கி எறிந்துவிடுவான். முதலில் வந்ததை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்கெல்லாம் அதையே சொல்வான்.

அதனால் அந்த எண் யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குலுக்கிப் போட வேண்டும். சுல்தானுக்குள் இருக்கும் மென்பொருள் குலுக்குவதாகச் சொல்கிறது, குலுக்குவதில்லை. நான்கைந்து எண்ணைப் பார்த்தவன் அடுத்தது எது என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால், பொய் விலாசத்தை முந்திக்கொண்டு கொடுத்துவிடலாம். செம்பியன் சரியான பெயரைத்தான் அடித்திருக்கிறான். சுல்தான் அவனை அதே மாதிரி கட்டியிருந்த வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அந்தத் தேர்வுப் பக்கம் பூட்டுக்குறி இல்லாத பழைய பக்கம், அதனால் உலாவியும் எச்சரிக்கவில்லை. யார் செய்தது என்று தெரியவில்லை. கடவுச்சொற்களைத் திருடுகிறவர்களாக இருக்கும்.

இந்தக் குறையைப் போன மாதம் கண்டுபிடித்தது நான். இதே மென்பொருள் ஆயிரக்கணக்கான பெட்டிகளில் இருக்கிறது. கிளினிக்கில், பள்ளிக்கூடத்தில், கடையில். திருத்தம் தயாராகும் முன் வெளியே தெரிந்தால், இன்று ஒருவன் செய்வதை நாளை ஊரே செய்யும். அதனால்தான் வாயைக் கட்டியிருந்தேன். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் நேற்றே அந்த மென்பொருளைச் செய்தவர்களுக்குத் தெரிவித்தேன். செப்டம்பர் கடைசியில் வருவதாக இருந்த திருத்தத்தை இம்மாதம் 28க்கு முன்தள்ளிவிட்டார்கள்.

உங்களிடம் சொல்ல அனுமதி கேட்டேன். என் மேலதிகாரி ஃபிசா, "ஒருவரிடம் மட்டும். வாயைக் காப்பவரா?" என்றார். ஆமாம் என்றேன். அது பொய்யா இல்லையா என்பது இனி உங்கள் கையில். வெளியே போனால் என் வேலையும் போகும்.

28 வரை யாரிடமும் சொல்லக்கூடாது. ஷாஹுல் ஹமீதிடம் கூடாது, அம்மாவிடம் கூடாது. செம்பியனிடமும் கூடாது, மாமா. அதுதான் கஷ்டம் என்று தெரியும். நாளை அவனை இங்கே அழைத்து வாருங்கள், என் இணைப்பில் புதிதாகப் போட்டுவிடலாம். கடவுச்சொல்லையும் மாற்றிவிடலாம்.

இன்னொன்று. உங்கள் கடிதங்களின் தலையைப் பாருங்கள். எல்லாவற்றிலும் பிஸ்மில்லாவுக்குப் பதிலாக 786. திருவல்லிக்கேணியில் அது தெரியாதவர் கிடையாது. நான் பதில் எழுதினாலும் 786 போடுவேன் என்று எவனும் ஊகிப்பான். என் பெயரில் எவனும் உங்களுக்கு எழுதலாம். சுல்தானின் வியாதியும் இதுவேதான். 786ஐ எடுக்கச் சொல்லவில்லை. அது உங்களுக்கும் ஆண்டவனுக்கும் நடுவில் உள்ளது. அதன் கீழே நமக்கு என்று ஓர் எண் போடுங்கள், ஒவ்வொரு முறையும் வேறு. பதிலில் அதையே திருப்பி எழுதுவேன். இல்லாவிட்டால் எழுதியது நான் இல்லை.

சிம்ரா


நூர் மேன்ஷன்
12 ஆகஸ்ட்

786
6138

அன்புள்ள சிம்ராவுக்கு,

எண்ணைப் பார்த்தாயா? காலையில் பள்ளிவாசல் சுவரில் புறா 61. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் 38. இப்படி ஒரு எண்ணை சாத்தான் இப்லீஸே வந்தாலும் ஊகிக்க முடியாது.

ஞாயிறன்று செம்பியன் உன் வீட்டில் விண்ணப்பம் போடும்போது நான் கீழே ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்ததைப் பற்றி நீ ஒன்றும் நினைக்காதே. சத்தியம் சத்தியம்தான். உன் அம்மா பால்கனியிலிருந்து, "ஏன்டா ஹபீபு, உன் சத்தியத்துக்குப் படி ஏறத் தெரியாதா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். ஷாகிரா அக்காவுக்குப் பதில் சொல்லாமல் இருந்தது என் வாழ்வில் முதல்முறை. அவளோடு பேசினால் எல்லாம் வந்து விழுந்துவிடும் என்று பயம்.

திரும்பும் வழியில் மந்தைவெளியில் செம்பியனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். உண்மையான விண்ணப்ப எண் வந்திருக்கிறது, சூடாமணி அம்மாளும் போனில் பார்த்து உறுதி சொல்லிவிட்டார். பிள்ளை சந்தோஷமாக இருப்பான் என்று நினைத்தேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு தபா பாத்துதான் அடிச்சேன் பாய். எயுத்து எயுத்தா. அப்பவும் தப்பாயிருக்குன்னா, எனக்கு இதெல்லாம் ஒத்து வராது போல கீது" என்றான்.

என் வாய் திறந்தது, சிம்ரா. இந்த வாய் எப்பேர்ப்பட்டது என்று உனக்குத் தெரியும். கடற்கரையில் நின்று பேசினால் அந்தமானில் படகு கவிழும். அதைத் திறந்து, ஒரு வடையை உள்ளே வைத்து மூடினேன். அவன் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தான். நான் வடை தின்றுகொண்டு வந்தேன்.

சுல்தான் ஏன் அணைந்து கிடக்கிறான் என்று நாற்பத்தெட்டு அறையும் கேட்கிறது. திங்கள்கிழமை அவனுக்குச் சிறுநீரகத்தில் கல் என்றேன். இன்று ஹஜ்ஜுக்கு மனு போட்டிருக்கிறான், உலக விவகாரங்களிலிருந்து ஒதுங்கியிருக்கிறான் என்றேன். யாரும் நம்பவில்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்ததை எப்போது நம்பினார்கள்?

வெறும் சிலேட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதில் வேறொரு கணக்கு ஆரம்பித்திருக்கிறேன். இன்று 3. என்ன என்று கேட்கிறார்கள். சொல்லவில்லை.

மாமா


நூர் மேன்ஷன்
21 ஆகஸ்ட்

786
4405

அன்புள்ள சிம்ராவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. வேலை இருக்கும். ஆனால் உன் பதில் நேற்று வந்தது!

உறையில் உன் பெயர். உள்ளே உன்னுடையது மாதிரியே சாய்ந்த கையெழுத்து. தலையில் 786. "அன்புள்ள மாமாவுக்கு, எல்லாம் சரியாகிவிட்டது, சுல்தானை இன்றே போடலாம்." அவ்வளவுதான். சிம்ரா, அந்த நேரம் என் சந்தோஷத்தைச் சொன்னால் எங்கள் பார்த்தசாரதி கோவில் தேர்கூட நகர்ந்துவிடும். கை பிளக்குக்குப் போய்விட்டது. இரண்டு முனையும் துளைக்குள் பாதி போய்விட்டது.

அப்போதுதான் புறா ஞாபகம் வந்தது. அறுபத்தொரு புறா எங்கே? முப்பத்தெட்டுப் பேர் எங்கே?

கையை எடுத்தேன். மேலே பார்த்தேன். மாடிப்படியில் அறை 31 ராகேஷ் நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஆறு பேர்.

"ஏன் பாய் நிறுத்திட்டீங்க?"

"கடிதம் நன்றாக இருக்கிறது ராகேஷ். கையெழுத்து பிரமாதம். எங்கே பழகினாய்?"

"எனக்கு எதுவும் தெரியாது பாய்."

"டேய்."

"மேட்ச் இருக்கு பாய். பத்து நாளா போன் டேட்டாவுலயே பாத்துக்கினு இருக்கோம். உங்க மருமக அனுப்புன பழைய கவர் மேசமேல கெடந்துச்சு, அதப் பாத்து எழுதுனோம். 786 போட்டாலே நீங்க நம்பிருவீங்கன்னு பசங்க சொன்னாங்க."

"எவன் சொன்னான்?"

"எல்லாருந்தான் பாய்."

தண்டனையாக ராகேஷ் ஒரு வாரம் முன்மேசையில் உட்கார வேண்டும் என்று தீர்ப்பளித்தேன். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று ஏழு பேரும் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டார்கள். சொல்லவில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கமாட்டேன்.

ஆனால் நேற்றிலிருந்து வேறொன்று மனசில் கிடக்கிறது. போன வருஷம் அறை 22 பையன் காலி செய்துவிட்டான் என்று யாரோ என்னிடம் சொன்னார்கள். யார் என்றுகூட இப்போது நினைவில்லை. அவனைத் தேடி விழுப்புரத்திலிருந்து அவன் அக்கா வந்தாள், கையில் பலகாரப் பையோடு. ஏட்டைத் திறக்காமல், "அவன் போய்விட்டானேம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவன் மேலே தூங்கிக்கொண்டிருந்தான். இன்று காலையில் ஒருவர் அறை 9ல் யார் என்று கேட்டார். எனக்குத் தெரியும். இருந்தாலும் ஏட்டைத் திறந்தேன். இருபது வருஷத்தில் முதல்முறை. ஷாஹுல் ஹமீது எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

செம்பியன் தேர்வுக்குப் படிக்கிறான். படிப்பதாகச் சொல்கிறான். புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டேன். சிலேட்டில் இன்று 12.

மாமா


அடையாறு
28 ஆகஸ்ட்

4405

அன்புள்ள மாமாவுக்கு,

புறாக்களுக்கு என் சலாம்.

இன்று காலை பத்து மணிக்குத் திருத்தம் வெளிவந்துவிட்டது. கூடவே அறிவிப்பும் வந்தது. குறை என்ன, எப்படி ஏமாற்றுவார்கள், எப்படிச் சரிசெய்வது என்று எல்லாம் அதில் இருக்கிறது. கண்டுபிடித்தவர் என்று என் பெயர் இருக்கிறது. ஒரு பெட்டியில் இது நிஜமாகவே பயன்படுத்தப்பட்டதாக ஒரு வரி இருக்கிறது. பெட்டியின் பெயரும் இடமும் இல்லை. சுல்தான் மானம் காப்பாற்றப்பட்டது.

இனி யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

ஒன்று எழுத வேண்டும், மூன்று தாள் வீணாக்கிவிட்டேன். அன்று ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் சொல்லாததற்குக் கையெழுத்து மட்டும் காரணம் இல்லை. அனுமதி கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை. உங்களால் முடியாது என்று நானே முடிவு செய்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து எல்லாரும் சொல்வதைக் கேட்டு வைத்திருந்தேன், ஒரு தடவையாவது சரிபார்க்கவில்லை. கேட்டிருந்தால் செம்பியன் அன்று சைதாப்பேட்டைக்குப் போயிருப்பான்.

ஃபிசா இன்று கேட்டார், அந்த ஒருவர் யார் என்று. என் மாமா என்றேன். பேசுவாரா என்று கேட்டார். பேசுவார், கால்வாயில் இளநீர் ஓட வேண்டும் என்றேன்.

ஞாயிறு வரட்டுமா? திருத்தத்தைப் போட வேண்டும். மறுபடி பிளக்கைப் பிடுங்க வேண்டியிருக்கும்.

சிம்ரா


நூர் மேன்ஷன்
29 ஆகஸ்ட்

786
7716

அன்புள்ள சிம்ராவுக்கு,

வா. பிளக்கை நானே பிடுங்கித் தருகிறேன், பதினேழு சாட்சிகளையும் திரட்டி வைக்கிறேன். இன்று காலையில் பாலத்தின் மேல் நின்று கால்வாயைப் பார்த்தேன். இளநீர்தான் ஓடுகிறது. நுரை கொஞ்சம் அதிகம், நிறம் கொஞ்சம் கறுப்பு, மற்றபடி சுத்தமான பொள்ளாச்சி இளநீர். ஷாஹுல் ஹமீது மூக்கைப் பிடித்துக்கொண்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

உன் கடிதம் நேற்று மாலை ஐந்து மணிக்கு வந்தது. எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் படித்தேன். டீக்கடையில் அந்நேரம் என் சபை கூடியிருக்கும். பத்தொன்பது நாள் அடக்கிய கதை, என் மருமகள் உலகத்தையே காப்பாற்றிய கதை, அதில் என் பங்கு பாதிக்கு மேல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசல்படி வரை போய்விட்டு, திரும்பி மாடி ஏறினேன்.

அறை 17 கதவு திறந்திருந்தது. செம்பியன் அதே பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, சிம்ரா. எனக்கே ஆச்சரியம். பெட்டி, கேள்வி, எண், முந்திக்கொண்டு வந்த பொய், பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பியவனை நான் உட்கார வைத்தது. உன் தப்பு இல்லை, என் பெட்டியின் தப்பு, தெரிந்தும் பத்தொன்பது நாள் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன் என்றேன்.

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கீழே முன்மேசைப் பக்கம் கைகாட்டினான்.

"கீய சிலேட்டுல போட்டுக்கினு இருந்தது அதானா பாய்?"

"அதுதான்."

தலையை ஆட்டினான். அப்புறம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்போ நான் கரீட்டாத்தான் அடிச்சேனா?"

"எழுத்து எழுத்தாகச் சரியாகத்தான் அடித்தாய்."

"எங்க நைனாகிட்ட நீங்களே ஒரு தபா சொல்லுங்க பாய்" என்றான். போனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தைத் திருப்பினான்.

மாமா